பெட்டியடியிலிருந்து நெட்புக் வரை: சிறு வணிகரின் கணக்குக் கருவி கடந்து வந்த பாதை



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்கள் முடிந்த பிறகு நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு: "எந்தக் கணினி வாங்கலாம், ஆசிரியரே?" கேட்பவர்களில் பலர் சிறு வணிகர்கள். கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர், பிரிக்பீல்ட்ஸில் மளிகையோ பூமாலையோ விற்பவர், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் தாய்மார்கள் எனப் பலவகையினர். அவர்கள் வாங்கப்போவது ஒரே ஒரு கணினி. பகலில் அது கடைக் கணக்கைப் பார்க்க வேண்டும். இரவில் பிள்ளையின் பாடத்துக்கு உதவ வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் குறைந்த விலையில் ஒரு சிறிய கருவியே செய்துவிடும் என்ற நம்பிக்கை சில ஆண்டுகள் உலகெங்கும் பரவியிருந்தது. அக்கருவியின் பெயர் நெட்புக்; தமிழில் குறுமடிக்கணினி எனலாம். 2007இல் சந்தைக்கு வந்து, 2012இன் இறுதிக்குள் ஏறக்குறைய மறைந்துபோனது. அதன் வரலாற்றை இன்று திரும்பிப் பார்ப்பது பழைய பொருளைப் பற்றிப் பேசி மகிழ்வதற்காக அன்று. அதே வினா வேறு பெயர்களில் இன்றும் நம்முன் நிற்கிறது என்பதற்காகவே இக்கட்டுரை.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் ஒரு பயிற்றுத் துணைப்பொருளைத் தெரிவு செய்யுமுன் மூன்று வினாக்களைக் கேட்கப் பழகினோம். யாருக்கு? எதற்கு? எவ்வளவு காலத்துக்கு? நெட்புக்கையும் இந்த மூன்று வினாக்களால் அளந்து பார்ப்போம்.

பெட்டியடி: நம் முன்னோரின் கையடக்க அலுவலகம்

கையடக்கமான வணிகக் கருவி என்பது நமக்குப் புதியதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவில் வட்டித்தொழில் நடத்திய காலத்தில், கோலாலம்பூரின் அம்பாங் வீதி (இன்றைய லெபோ அம்பாங்) அவர்களின் முதன்மைத் தெருவாக விளங்கியது. கிட்டங்கி எனப்பட்ட நீண்ட கூடத்தில் பல நிறுவனங்கள் அருகருகே இயங்கின. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருந்த இடம் தரையில் ஒரு பாய் விரிக்கும் அளவுதான். அங்கே ஒரு தாழ்வான மரப்பெட்டி இருக்கும். அதன் உள்ளே பணமும் பத்திரங்களும் இருக்கும். அதன் மேற்பலகையே எழுதுமேசை. அந்தப் பெட்டிக்கு முன்னமர்ந்து மேலாள் கடன் கொடுத்தார், வாங்கினார், கணக்கு எழுதினார். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்ற படிநிலையே அந்தப் பெட்டியை மையமாகக் கொண்டதுதான்.

இங்கு ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது அந்தப் பெட்டியின் மரத்தை அன்று. அதற்குப் பின்னால் இருந்த பயிற்சியை. பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் எண்சுவடியை மனனம் செய்திருப்பான். அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று என்பவை அவனுக்கு நாவில் நிற்கும். ஏவல் செய்து, கடிதம் படியெடுத்து, பேரேடு எழுதக் கற்று, ஐந்தொகை முடிக்கும் நிலைக்கு உயர அவனுக்குப் பல ஆண்டுகள் ஆயின. கருவி எளியது, அதைக் கையாளும் மனிதன் நன்கு பயிற்றப்பட்டவன். கணக்கு முழுவதும் தமிழில் இருந்தது. பேரேட்டை ஐம்பது ஆண்டுகள் கழித்து எடுத்துப் பிரித்தாலும் படிக்க முடிந்தது. இந்த மூன்று செய்திகளையும் நினைவில் வைத்துக்கொண்டு நெட்புக்கின் கதைக்குள் செல்வோம்.

சிறியது விலை மிகுந்திருந்த காலம்

கணினி உலகில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. கருவி சிறியதாகும்தோறும் விலை ஏறும். 1996இல் தோஷிபா நிறுவனம் ஜப்பானில் லிப்ரெட்டோ என்ற மடிக்கணினியை வெளியிட்டது. அதன் எடை 840 கிராம், திரை 6.1 அங்குலம். அடிக்கடி பயணம் செய்யும், பணம் படைத்த நிறுவன அலுவலர்களே அதை வாங்கினர். 1999இல் பிரிட்டனின் சையான் நிறுவனம் ஒரு சிறு கணினிக்கு 'நெட்புக்' என்றே பெயர் வைத்தது. அதுவும் நிறுவனங்களின் களப் பணியாளர்களுக்காக உருவாக்கப்பட்டதே. ஆகவே நெட்புக் என்ற சொல் பிறந்தது வணிகப் பயன்பாட்டுக்காக என்பதை நாம் மறக்கலாகாது. பின்னாளில் இண்டெல் நிறுவனம் அதே சொல்லை மலிவு விலைக் கணினிகளுக்குப் பொதுப்பெயராகப் பயன்படுத்தியபோது வழக்கு எழுந்தது. 2009இல் உடன்பாடு ஏற்பட்டு, சையான் தன் உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டது.

குழந்தைக்காக வகுக்கப்பட்ட கருவி

விலை விதி தலைகீழாக மாறியது வணிகர்களால் அன்று. பள்ளிப் பிள்ளைகளை முன்னிட்டே. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் டாவோஸ் நகரில் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, வளரும் நாடுகளின் பிள்ளைகளுக்கு 100 அமெரிக்க டாலருக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தை முன்வைத்தார். 'குழந்தைக்கொரு மடிக்கணினி' என்ற அத்திட்டத்தின் எக்ஸ்ஓ கணினி 2007 நவம்பரில் பெருமளவு உற்பத்திக்கு வந்தபோது, விலை 100 டாலரில் நிற்கவில்லை. ஏறத்தாழ 188 டாலராகியிருந்தது. ஆயினும் அக்கனவு பெரிய நிறுவனங்களை அசைத்துவிட்டது. இண்டெல் 2006இல் 'கிளாஸ்மேட்' என்ற பள்ளிக் கணினியை அறிமுகப்படுத்தியது.

2007 அக்டோபரில் தைவானின் ஏசூஸ் நிறுவனம் ஈ பிசி 701ஐ வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 512 மெகாபைட் நினைவகம், 4 ஜிகாபைட் சேமிப்பகம், லினக்ஸ் இயங்குதளம், எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. சேமிப்பகத்தில் பாதிக்கும் மேற்பட்ட இடத்தை இயங்குதளமே எடுத்துக்கொண்டது. இருப்பினும் மக்கள் அதை விரும்பி வாங்கினர். 2008இல் இண்டெல் 'ஆட்டம்' என்ற குறைந்த மின்திறன் செயலியைக் கொண்டுவந்தது. ஏசரின் ஆஸ்பயர் ஒன், எம்எஸ்ஐயின் விண்ட், டெல்லின் மினி 9 என ஓராண்டுக்குள் சந்தை நிரம்பியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பியின் பொது விற்பனையை 2008 ஜூன் 30உடன் நிறுத்தியபோதும், இத்தகைய மலிவுக் கணினிகளுக்கு மட்டும் எக்ஸ்பி ஹோம் பதிப்பைத் தொடர்ந்து வழங்க இசைந்தது. புதிய விஸ்தாவை இந்தச் சிறு கருவிகள் தாங்கவில்லை என்பதே காரணம்.

குழந்தைக்கு என்று தொடங்கிய முயற்சியை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். அவர்களுள் சிறு வணிகரும் இருந்தனர். எச்பி நிறுவனம் இதைக் கண்டுகொண்டு, 2009இல் மினி 5101 என்ற நெட்புக்கை வணிகர்களுக்கென்றே வெளியிட்டது. உறுதியான உலோக உடல், முழு அளவை நெருங்கும் விசைப்பலகை ஆகியவை அதன் சிறப்புகள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

நம் நாட்டில் அக்காலச் சூழலை நினைவுகூர்வோம். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் கொள்கை அறிமுகமானபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு அரசாங்கம் மடிக்கணினிகளையும் ஒளிப்படக் காட்டிகளையும் வழங்கியது. தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் முதன்முதலாக வகுப்பறைக்குள் நுழைந்த மடிக்கணினி அதுவே. அக்காலத்து மடிக்கணினி இரண்டரைக் கிலோவைத் தாண்டும். மின்கம்பியும் பையும் சேர்ந்தால் தோள் வலிக்கும். ஒரு கிலோ எடையுள்ள கணினி என்ற செய்தி ஆசிரியர்களின் காதில் தேனாகப் பாய்ந்ததில் வியப்பில்லை.

புக்கிட் பிந்தாங் வட்டாரத்து லோ யாட் பிளாசாவிலும், கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடைபெற்ற கணினிச் சந்தைகளிலும் 2008, 2009ஆம் ஆண்டுகளில் நெட்புக்குகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. விலை பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. இணைய வசதியும் அதே காலத்தில்தான் கைக்கு எட்டியது. 2008இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வைமேக்ஸ் சேவை தொடங்கியது. கைப்பேசி நிறுவனங்கள் யுஎஸ்பி இணையக் கருவிகளை விற்றன. 2010 மார்ச்சில் யூனிஃபை ஒளியிழைச் சேவை தொடங்கப்பட்டது. தனிநபர்கள் வருமான வரிப் படிவத்தை இணையம்வழி அனுப்பும் முறை 2006 முதலே நடைமுறைக்கு வந்திருந்தது. ஆகவே வணிகருக்கும் கணினி ஓர் ஆடம்பரப் பொருளாக இருந்த நிலை மாறத் தொடங்கியது.

துன் சம்பந்தன் சாலையும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையும் நம்மவர்களின் சிறு வணிகத்தால் வாழும் தெருக்கள். பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியா 2010 அக்டோபர் 27ஆம் நாள் இரு நாட்டுப் பிரதமர்களால் முறைப்படி தொடக்கி வைக்கப்பட்டது. அத்தெருக்களில் உள்ள கடைகளின் அகலம் நமக்குத் தெரியும். கல்லாவின் மேல் சாமி படம், ஊதுவத்திக் கிண்ணம், கணக்கி, ரசீதுப் புத்தகம் போக எஞ்சும் இடம் ஒரு சாண் அல்லது இரு சாண். மேசைக்கணினிக்கு அங்கே இடமில்லை. நெட்புக்கோ அந்த இரு சாணில் அடங்கியது. இரவு கடை சாத்தும்போது பையில் போட்டு வீட்டுக்கும் எடுத்துச் செல்ல முடிந்தது. பெட்டியடிப் பெட்டிக்குப் பிறகு நம் வணிகருக்கு இடவசதி அறிந்து அமைந்த கருவி இதுதான் என்றே தோன்றியது.

வணிகத் தராசில் நிறுத்திப் பார்த்தால்

இப்போது நடுநிலையோடு எடை போடுவோம்.

முதலில் திரை. பெரும்பாலான நெட்புக்குகளின் திரை 1024க்கு 600 புள்ளிகள். அகலம் போதும், உயரம் போதாது. அட்டவணை மென்பொருளைத் திறந்தால், மேற்பட்டைகளும் கீழ்ப்பட்டைகளும் போக இருபதுக்கும் குறைவான வரிசைகளே தெரியும். ஒரு பேரேட்டுப் பக்கம் முழுவதையும் கண்ணால் ஒருசேரப் பார்த்துப் பிழை காணும் பழக்கமுடைய வணிகருக்கு இது பெருங்குறை. சில மென்பொருள்களின் உரையாடல் பெட்டிகள் 768 புள்ளி உயரத் திரையை எண்ணி வடிவமைக்கப்பட்டிருந்தன. அதனால் 'சரி' என்ற பொத்தான் திரைக்குக் கீழே மறைந்துவிடும், அழுத்த வழியிருக்காது.

இரண்டாவது, திறன். ஒரு கடிதம் தட்டச்சு செய்ய, ஒரு மின்னஞ்சல் அனுப்ப, ஒரு சிறு கணக்குப் பட்டியல் போட ஆட்டம் செயலி போதுமானதாக இருந்தது. கணக்கியல் மென்பொருள், இணைய உலாவி, நச்சுநிரல் தடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் இயங்கினால் 1 ஜிகாபைட் நினைவகம் திணறியது. வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது கணினி யோசித்துக்கொண்டிருந்தால், கடைக்காரர் கையால் ரசீது எழுதிக் கொடுத்துவிடுவார். பிறகு அந்த விற்பனை கணினிக்குள் ஏறாமலே போவதும் உண்டு.

மூன்றாவது, இணைப்புகள். நெட்புக்கில் குறுவட்டு இயக்கி கிடையாது. அக்காலத்தில் கணக்கியல் மென்பொருள்கள் பெரும்பாலும் குறுவட்டில்தான் வந்தன. மூன்று படித்தாளில் ரசீது அச்சிடும் பழைய புள்ளி அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு அகன்ற இணைப்பு முனை தேவை. நெட்புக்கில் யுஎஸ்பி முனைகளே இருந்தன. வெளி இயக்கி, இணைப்பு மாற்றி, கணக்கைப் படியெடுத்துக் காக்க ஒரு வெளி வட்டு என ஒவ்வொன்றாக வாங்கினால், மலிவு விலை தன் மலிவை இழந்துவிடும். பொருளின் விலை வேறு, அதைப் பயன்படுத்தும் செலவு வேறு என்ற பாடத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நான்காவது, தமிழ். இதை நம்மைத் தவிர வேறு எவரும் எடை போட்டிருக்க மாட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் 'லதா' என்ற தமிழ் எழுத்துரு உண்டு. ஆனால் ஒருங்குறித் தமிழ் சரியாகக் கோத்துத் தெரிய வேண்டுமெனில், மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று கூடுதல் கோப்புகளை நிறுவ வேண்டும். அப்பொழுது கணினி பெரும்பாலும் எக்ஸ்பி குறுவட்டைக் கேட்கும். குறுவட்டு இயக்கியே இல்லாத கருவியில் குறுவட்டுக்கு எங்கே போவது? விளைவு, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றது. ஆண்டு ஒன்று பிள்ளை கூட "இது தப்பு" என்று சொல்லும் எழுத்துகளைத் திரையில் கண்டோம்.

இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. கணினித் தமிழ் வளர்ச்சியில் மலேசியா பின்தங்கிய நாடன்று. 1980களின் நடுப்பகுதியில் நம் முத்து நெடுமாறன் தொடங்கிய முயற்சி, முரசு அஞ்சல் மென்பொருளாக வளர்ந்து உலகத் தமிழருக்கெல்லாம் பயன்பட்டது. தமிழ் இணைய மாநாடு 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. மென்பொருள் இங்கே இருந்தது; அதைச் சிறு வணிகரின் கல்லா வரை கொண்டு சேர்க்கும் பயிற்சிதான் இல்லை. தாத்தா தமிழில் பேரேடு எழுதிய குடும்பத்தில், பெயரன் தமிழில் ஒரு சரக்குப் பட்டியலும் தட்டச்சு செய்யத் தெரியாதவனாக ஆனது எந்த நிறுவனத்தின் குற்றமும் அன்று. அதை நாம் யாரும் ஒரு தேவையாகவே கருதவில்லை.

நெட்புக்கின் நிறைகளையும் மறைக்கக்கூடாது. எடை குறைவு. நல்ல மின்கலம் பொருத்தியவை ஐந்து மணி நேரத்துக்கு மேலும் உழைத்தன. மின்சாரமற்ற இரவுச் சந்தைக் கடைக்கும், வீடு வீடாகச் சென்று விற்பனை செய்பவருக்கும் அது வரம். அதுவரை கணினியைத் தொட்டே பார்க்காத பல குடும்பங்களுக்குள் முதன்முதலில் நுழைந்த கணினியும் இதுதான். இரண்டாம் கணினியாக அது சிறந்தது. ஒரே கணினியாக அது போதாது. சிக்கல் என்னவெனில், வசதி உள்ளவர்களுக்கே அது இரண்டாம் கணினி. நம் பெற்றோர்களில் பலருக்கு அதுவே முதலும் முடிவுமாக இருந்தது.

அரசுத் திட்டங்கள்

2009 அக்டோபரில் தாக்கல் செய்யப்பட்ட 2010ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், பல்கலைக்கழக மாணவர்களுக்கு இணைய வசதியுடன் கூடிய நெட்புக், மாதம் 50 ரிங்கிட் வீதம் ஈராண்டுத் தவணையில் வழங்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. அடுத்து, 2010இல் தேசிய அகண்ட அலைவரிசைத் திட்டத்தின் ஓர் அங்கமாக, குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குப் பத்து இலட்சம் '1மலேசியா' நெட்புக்குகளைக் கட்டம் கட்டமாக வழங்கும் இலக்கு வகுக்கப்பட்டது. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் அதனைச் செயல்படுத்தியது.

இதே காலத்தில் தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15ஆம் நாள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அங்கு மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு நெட்புக்குக்குப் பதிலாக முழு அளவு மடிக்கணினிகளே வழங்கப்பட்டன. விலை கூடுதல், எண்ணிக்கையை எட்டுவது கடினம். ஆனால் அந்தக் கருவியில் ஒரு மாணவன் கல்லூரி முடியும்வரை வேலை செய்ய முடியும். இரண்டு அணுகுமுறைகளுக்கும் நியாயம் உண்டு. எண்ணிக்கையா, உழைப்பா என்ற கேள்வி எழும்போது எதைத் தியாகம் செய்கிறோம் என்பதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும் என்பதற்காகவே இவ்விரண்டையும் அருகருகே வைக்கிறேன்.

மறைவு

நெட்புக்கின் வாழ்நாள் நீளவில்லை. 2009 அக்டோபரில் விண்டோஸ் 7 வந்தபோது, நெட்புக்குகளுக்கென 'ஸ்டார்ட்டர்' என்ற பதிப்பு தரப்பட்டது. திரையின் பின்னணிப் படத்தைக்கூட அதில் மாற்ற இயலாது. மலிவான கருவி வாங்கியவருக்கு நறுக்கப்பட்ட இயங்குதளம் என்ற நிலை அது. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஐபேட் விற்பனைக்கு வந்தது. படிக்கவும் பார்க்கவும் மட்டுமே விரும்பியவர்கள் அப்பக்கம் சென்றனர். 2011இல் குரோம்புக் வந்தது. முழுமையான மடிக்கணினிகளின் விலையும் இறங்கியது. 2012இன் இறுதியோடு ஏசூஸ், ஏசர் ஆகிய இரு பெரும் நிறுவனங்களும் நெட்புக் உற்பத்தியை நிறுத்தின.

வணிகருக்கு அடி விழுந்தது அதற்குப் பின்னர்தான். 2014 ஏப்ரல் 8ஆம் நாளுடன் விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு முடிவடைந்தது. ஓராண்டுகூட நிறைவடையாத நிலையில், 2015 ஏப்ரல் 1ஆம் நாள் 6 விழுக்காடு பொருள் சேவை வரி அமலுக்கு வந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டிய கடைகள் பதிவு செய்ய வேண்டும்; வரிக் கணக்கை அனுப்ப வேண்டும்; பதிவேடுகளைத் தேசிய மொழியிலோ ஆங்கிலத்திலோ ஏழாண்டுகள் காக்க வேண்டும். கணக்கியல் மென்பொருள் வாங்கச் சிறு நிறுவனங்களுக்கு 1,000 ரிங்கிட் பற்றுச்சீட்டும் வழங்கப்பட்டது. சிறு வணிகருக்குக் கணினி உண்மையிலேயே கட்டாயமான அந்த நாளில், அதற்கென்று அவர் 2009இல் வாங்கி வைத்திருந்த கருவி உதவாத நிலைக்குப் போயிருந்தது. அந்த வரி 2018 ஜூனில் சுழியமாக்கப்பட்டு நீங்கியது. எனினும் ஏழாண்டு காக்க வேண்டிய கணக்கை ஐந்தாண்டு தாங்காத கருவியிடம் ஒப்படைக்கக்கூடாது என்ற பாடம் நீங்கவில்லை.

இப்போது பெட்டியடியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். யாருக்கு என்றால், பயிற்சி பெற்ற ஆளுக்கு. எதற்கு என்றால், தெளிவாக வரையறுக்கப்பட்ட தொழிலுக்கு. எவ்வளவு காலத்துக்கு என்றால், தலைமுறைகளுக்கு. நெட்புக்கோ முதலில் வணிக அலுவலருக்கு, பின்னர் ஏழைக் குழந்தைக்கு, அதன் பின்னர் எல்லாருக்கும் என்று ஆள் மாறியது. எதற்கு என்பதற்கு 'இணையத்துக்கு' என்ற பொதுவான விடையே இருந்தது. காலமோ ஐந்தாண்டு.

இன்றைய நிலை

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, கல்வி அமைச்சு பெற்றோரிடையே ஓர் ஆய்வு நடத்தியது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று அது காட்டியது. பத்தாண்டுகளுக்கு முன் பத்து இலட்சம் நெட்புக்குகள் என்ற இலக்கை வகுத்த நாட்டில் இந்த நிலை. கருவி வழங்கப்படவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. கருவி மூப்படையும், பழுதாகும், பிள்ளை வளர்ந்து விடுவான், தம்பி தங்கைகள் வருவார்கள். ஒரு முறை கொடுப்பதோடு முடிகிற வேலையன்று இது. பின்னர் 2021இல் 'செர்டிக்' திட்டத்தின்கீழ் அரசு சார்ந்த நிறுவனங்களின் நன்கொடையோடு 150,000 கருவிகள் மாணவர்களுக்கு வழங்கும் பணி தொடங்கியது. வணிகர்கள் பக்கத்தில், 2024 ஆகஸ்டு முதல் மின்விலைப்பட்டியல் முறை விற்றுமுதலுக்கு ஏற்பப் படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஆக, கடைக்கும் பிள்ளைக்கும் ஒரே கருவி என்ற பழைய கேள்வி மறுபடியும் நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

நெட்புக்கின் வரலாற்றிலிருந்து பெற்றோர்கள் எடுத்துக்கொள்ளத்தக்க சில அளவுகோல்களை முன்வைக்கிறேன்.

1. விலையைக் கேட்பதற்கு முன் வேலையைப் பட்டியலிடுங்கள். கடைக்கு என்னென்ன, பிள்ளைக்கு என்னென்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுமா என்றும் பாருங்கள். மாலை ஏழு மணிக்குக் கடையிலும் கூட்டம், பிள்ளைக்கும் பாடம் என்றால், ஒரு நல்ல கருவியைக் காட்டிலும் இரண்டு எளிய கருவிகள் மேல்.

2. அந்தக் கருவிக்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். குரோம்புக்குகளுக்கும் கைப்பேசிகளுக்கும்கூட அந்த இறுதி நாள் உண்டு. மலிவு விலையில் கிடைக்கும் பழைய மாதிரிகளில் அது மிக அருகில் இருக்கக்கூடும்.

3. திரையின் அளவை அங்குலத்தால் மட்டும் அளக்காதீர்கள். உங்கள் கணக்குப் பட்டியலைக் கடையிலேயே திறந்து, எத்தனை வரிகள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். பிள்ளையை அழைத்துச் சென்று ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்கள்.

4. கணக்கு எங்கே சேமிக்கப்படுகிறது, கருவி பழுதானால் எப்படி மீட்பது என்பதை வாங்கும் அன்றே ஏற்பாடு செய்யுங்கள்.

5. தமிழில் தட்டச்சு செய்து பாருங்கள். இன்றைய கணினிகளிலும் கைப்பேசிகளிலும் தமிழ் உள்ளிணைக்கப்பட்டே வருகிறது. நெட்புக் காலத்துத் தடை இப்போது இல்லை. தடை நீங்கிய பின்னும் நாம் எழுதவில்லையென்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாம் கணினி வகுப்பில் மென்பொருளின் பெயர்களையும் பொத்தான்களின் இடங்களையும் கற்பிக்கிறோம். அவை மாறிவிடும். எக்ஸ்பி போனது போல் இன்றுள்ளவையும் போகும். ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளை ஒருவன், தன் தாயின் பலகார விற்பனைக்கு வரவு செலவுப் பட்டியல் ஒன்றைத் தமிழில் தயாரித்து, கூட்டுத்தொகை சரியா என்று மனக்கணக்காலும் சோதித்துக் காட்ட முடிந்தால், அவன் கையில் எந்தக் கருவியைக் கொடுத்தாலும் பயன்படுத்துவான். பெட்டியடிப் பையனுக்கு எண்சுவடி தந்த வலிமை அதுதான். அதற்கு ஒரு பாடவேளை போதும். கணிதப் பாடத்தில் பணம் என்ற தலைப்பு வரும்போது சேர்த்துக்கொள்ளலாம். உங்கள் பள்ளியில் முயன்று பாருங்கள். பிள்ளைகள் தயாரிக்கும் பட்டியல்களை அவர்தம் பெற்றோரிடம் காட்டுங்கள். கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைக்குத் தெரியும் என்று அறிந்த பெற்றோர், அடுத்த கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது அவனையும் கலந்துகொள்வார்கள்.